எட்டு முறை தட்டினேன், ஆறு புள்ளிதான் விழுந்தது

26 வாரம் மகப்பேறு விடுப்பு முடிந்து டிசம்பர் முதல் திங்கட்கிழமை அலுவலகம் போனேன். திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி, நான் அங்கே மெர்ச்சண்டைசர், அதாவது பையர்களின் (எங்களிடம் துணி வாங்கும் கம்பெனிகளின்) ஆர்டரைக் கவனிக்கிற வேலை. விடுப்பில் போகும்போது கம்பெனி லேப்டாப்பை என்னிடமே விட்டு வைத்திருந்தார்கள், ஏதாவது சந்தேகம் வந்தால் பார்த்துச் சொல்லட்டும் என்று. கேட்டதெல்லாம் போனிலேயே முடிந்துவிட்டது, லேப்டாப் ஆறு மாதமும் பீரோவில் புடவைகளுக்கு அடியில் பையோடு கிடந்தது. சார்ஜரைச் சொருகி பவர் பட்டனை அழுத்தினேன். கருப்புத் திரை, நடுவில் சின்னதாக ஒரு பூட்டுப் படம், அதன் பக்கத்தில் காலிக் கட்டம். விண்டோஸ் வருவதற்கு முன்பே கேட்கிற கடவுச்சொல். தட்டினேன், தப்பு என்றது. மறுபடி தட்டினேன், தப்பு. மூன்றாவது தடவையும் தப்பானதும் திரை அப்படியே நின்றுவிட்டது, பவர் பட்டனைப் பத்து விநாடி பிடித்து அணைத்தால்தான் திரும்ப ஆரம்பிக்க முடியும்.

பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தார். "புள்ளை பெத்தா மறதி வரத்தான் செய்யும் கண்ணு, எனக்கும் ரெண்டு வருசம் அப்படித்தான் இருந்துச்சு" என்றார். பாசத்தோடுதான் சொன்னார். மேனேஜரும் "பரவாயில்லைம்மா, மெதுவா யோசிங்க" என்றார். மதியத்துக்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது, பார்க்கிறவர்கள் எல்லாம் அதையே வேறு வேறு வார்த்தையில் சொன்னார்கள். ராத்திரியில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கி மாதக்கணக்கில் ஆகிறது, எனவே நானும் நம்பிவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் கடந்த ஆறு மாதத்தில் எதையெல்லாம் மறந்தேன் என்று மனசு ஒரு பட்டியலே போட ஆரம்பித்துவிட்டது, அடுப்பில் வைத்த பால், அத்தையின் மாத்திரை, கரன்ட் பில். அந்தத் திங்கள் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகையே வந்தது. மறந்த கடவுச்சொல்லுக்காக இல்லை, இனிமேல் என்னை நம்பி ஒரு பையரை ஒப்படைப்பார்களா என்று நினைத்துத்தான்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு பக்கம் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஏனென்றால் அந்தக் கடவுச்சொல் என் தலையில் இல்லை, விரலில் இருந்தது. நான் தமிழில் தட்டுவது தமிழ்99 முறையில். 1999-ல் தமிழக அரசு தரமாக அறிவித்த விசைப்பலகை அமைப்பு அது, கல்லூரியில் பழகினேன், இன்றுவரை வேறு முறைக்கு மாறவில்லை. இந்தத் தொடக்கக் கடவுச்சொல் திரைக்குத் தமிழ் தெரியாது, ஆங்கில எழுத்துகள்தான் போகும். ஆனால் விரலுக்கு என்ன? தமிழ்99-ல் ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டுவதுபோல் தட்டினால் திரைக்குப் பின்னால் ஏதோ பொருளில்லாத ஆங்கில எழுத்து வரிசை போய்ச் சேரும், யாராலும் யூகிக்க முடியாது, எனக்கோ அது எங்கள் ஊர் வீட்டு வாசல் மரம். 'வேப்பமரம்' என்பதுதான் அந்தச் சொல் (இப்போது மாற்றிவிட்டேன், அதனால் சொல்லலாம்). எட்டு விசை: வ, ஏ, ப, ப, ம, ர, ம, புள்ளி. இரண்டு ப-வை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் ப-வுக்குப் புள்ளி தானாக விழுவது தமிழ்99-ன் வசதி. மூன்று வருடம், தினமும் காலை 9 மணிக்கு அதைத் தட்டியிருக்கிறேன். அதை எப்படி மறப்பேன்?

எங்கள் பழைய ஐ.டி. அண்ணன்தான் எல்லா லேப்டாப்பிலும் இதைப் போட்டார். கம்பெனி லேப்டாப் ஒன்று பஸ்ஸில் தொலைந்துபோன பிறகு வந்த ஏற்பாடு. ஒவ்வொரு லேப்டாப்பிலும் இரண்டு கடவுச்சொல். ஒன்று நாங்கள் தினமும் தட்டுவது, பவர்-ஆன் கடவுச்சொல். இன்னொன்று சூப்பர்வைசர் கடவுச்சொல், அது அண்ணனிடம் இருந்தது. பெரும்பாலான அலுவலக லேப்டாப்புகளில் தொடக்கத் திரையில் சூப்பர்வைசர் கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் திறக்கும். அண்ணன் இப்போது துபாயில். அவர் இடத்துக்கு வந்த தம்பி வாட்ஸ்அப்பில் கேட்டதும் அன்று இரவே அனுப்பிவிட்டார், எல்லா லேப்டாப்புக்கும் ஒன்றுதான் என்று. செவ்வாய்க்கிழமை காலை தம்பி அதைத் தட்டினான். தப்பு. பக்கத்தில் இருந்த வேறொரு லேப்டாப்பில் அதையே தட்டினான், திறந்தது. "அக்கா, உங்க மெஷின்ல மட்டும் யாரோ மாத்தியிருக்காங்க" என்றான். யார் மாற்றுவார்கள், என் பீரோவுக்குள் வந்து? ஒருவேளை நானேதான் விடுப்புக்கு முன் மாற்றிவிட்டு அதையும் மறந்துவிட்டேனோ என்று தோன்றியது. அந்த நினைப்பு என்னை என்ன பாடு படுத்தியது என்று எழுத முடியாது.

செவ்வாய் மதியம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்கு நானும் தம்பியும் எடுத்துப் போனோம். பேட்டரியைக் கழற்றி வைத்தால் கடவுச்சொல் போய்விடும் என்று யாரோ சொன்னதால் அதைத்தான் முதலில் கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, அது பழைய டெஸ்க்டாப் காலம் என்றார். அவர் சொன்னது சரிதான், பிறகு படித்தும் தெரிந்துகொண்டேன். 1984-ல் ஐ.பி.எம். ஏ.டி. கணினி வந்தபோது அமைப்புகளை எல்லாம் பேட்டரியின் தயவில் உயிரோடிருக்கும் ஒரு குட்டி நினைவகத்தில் வைத்தார்கள். பிறகு வந்த டெஸ்க்டாப்புகளில் கடவுச்சொல்லும் அந்த மாதிரி இடத்தில் இருந்ததால், சி.ஆர். 2032 என்று போட்டிருக்கும் காசு மாதிரி வட்ட பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டாலோ, போர்டில் அதற்கென்று உள்ள ஜம்பரை மாற்றிச் சொருகினாலோ எல்லாம் அழிந்துவிடும். அலுவலக லேப்டாப்புகளில் அப்படியில்லை, மின்சாரமே இல்லாமல் வருடக்கணக்கில் தாங்குகிற சிப்பில் எழுதி வைக்கிறார்கள். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம் தப்பாகும், பூட்டு திறக்காது.

சிப்பை வெளியே எடுத்து மறுபடி எழுத 3,500 ரூபாய், அது சரிவராவிட்டால் போர்டு மாற்ற 14,000-க்கு மேல் ஆகும், டேட்டாவுக்கு கேரண்டி இல்லை என்று நேராகவே சொன்னார். ஆனால் லேப்டாப் யாருடையது, பில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. பஸ்ஸில் தொலைந்த எங்கள் லேப்டாப்பும் இப்படி ஒரு மேசையில்தானே வந்து படுத்திருக்கும்.

சிப் வேலைக்கு நான் சரி சொல்லியிருப்பேன், தம்பிதான் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினான். உள்ளே இருக்கும் டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு வேறு போட்டிருக்கிறது, போர்டை மாற்றினாலோ சிப்பைக் கிளறினாலோ அடுத்த தடவை ஆன் செய்யும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும், அது கையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்காமல் தொடக்கூடாது என்றான். அவனுக்கு அந்த பயம் வரக் காரணம் உண்டு. 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் நின்றனவே, அப்போது இவன் சென்னையில் ஒரு ஹெல்ப் டெஸ்க்கில் இருந்தான். மெஷின் மெஷினாக அந்த 48 இலக்கத்தைப் போனில் ஆறு ஆறாக வாசித்துக் காட்டியே இரண்டு நாள் தொண்டை கட்டிவிட்டதாம்.

அவன் சொல்லித்தான் இதில் மூன்று தனித்தனிப் பூட்டுகள் இருப்பது எனக்குப் புரிந்தது. பவர்-ஆன், சூப்பர்வைசர் இரண்டும் வீட்டின் வாசல் கதவு மாதிரி. டிஸ்க்கைக் கழற்றி ஒரு யு.எஸ்.பி. கேசிங்கில் போட்டு வேறு கணினியில் சொருகினால் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம், கதவைச் சுற்றிப் பின்பக்கம் போனதுபோல. ஹார்ட் டிஸ்க் கடவுச்சொல் என்று ஒன்று போட்டிருந்தால் அது பீரோவுக்கே போட்ட பூட்டு, டிஸ்க்கை எங்கே தூக்கிக்கொண்டு போனாலும் அது கூடவே வரும், மறந்தால் டேட்டா போனது போனதுதான். பிட்லாக்கர் பீரோவுக்குள் இருக்கிற காகிதத்தையே புரியாத எழுத்தாக மாற்றி வைப்பது, ஆனால் அதற்கு மீட்புச் சாவி உண்டு, அலுவலக லேப்டாப் என்றால் பெரும்பாலும் கம்பெனியின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்து வைத்திருப்பார்கள். புதன்கிழமை தேடிப் பார்த்தான், எங்கள் கணக்கில் என் லேப்டாப்பின் சாவி இருந்தது. எட்டுத் தொகுதி, தொகுதிக்கு ஆறு இலக்கம். ஒவ்வொரு தொகுதியும் 11-ஆல் மீதியில்லாமல் வகுபடுமாம், தப்பாகத் தட்டினால் அந்த இடத்திலேயே கண்டுபிடிக்க. காஸ்டிங் ஷீட்டில் (விலைக் கணக்குத் தாளில்) கூட்டல் சரிபார்க்க நாங்கள் ஒரு ஓரத்தில் எண் போட்டு வைப்போமே, அதுபோல ஒரு ஏற்பாடு, எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஆக டேட்டா தப்பித்தது. வியாழன் காலை டிஸ்க்கைக் கழற்றலாம் என்று முடிவானது. அதில் நான்கு வருடக் காஸ்டிங் ஷீட்கள் இருந்தன, எந்த பையருக்கு எந்த சீசனில் 30-ஸ் கோம்ப்டு நூல் என்ன விலையில் எடுத்தோம், 160 ஜி.எஸ்.எம். சிங்கிள் ஜெர்சியில் எவ்வளவு வேஸ்டேஜ் வந்தது, எந்த டையிங்கில் கருப்பு எத்தனை தடவை திரும்பி வந்தது என்று நானே எழுதி வைத்த குறிப்புகளோடு. சர்வரில் இறுதி ஷீட் மட்டும்தான் இருக்கும், குறிப்புகள் என்னிடம் மட்டும்தான். அவை கிடைத்துவிடும் என்று தெரிந்த பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. லேப்டாப்பைப் புதன் ராத்திரி வீட்டுக்குக் கொண்டு வந்தேன், கடைசியாக ஒரு தடவை தட்டிப் பார்த்துவிடலாம் என்று.

பதினோரு மணிக்கு மேல் இருக்கும். பாப்பா தூளியில், தூக்கம் பிடிக்கிற நேரம், ஆட்டுவதை நிறுத்தினால் சிணுங்குவாள். எனவே இடது கையால் தூளியை ஆட்டிக்கொண்டு வலது கையின் ஒற்றை விரலால் தட்டினேன். இரண்டு கையாலும் தட்டும்போது எட்டு விசையும் இரண்டு விநாடியில் முடிந்துவிடும், திரையை யாரும் பார்ப்பதில்லை, என்டர் அடித்த பிறகுதான் நிமிர்வோம். ஒற்றை விரல் என்பதால் ஒவ்வொரு விசைக்கும் இடைவெளி விழுந்தது. வ, கட்டத்தில் ஒரு புள்ளி. ஏ, இரண்டாவது புள்ளி. ப. புள்ளி வரவில்லை. இன்னொரு ப. கட்டத்தில் இன்னும் இரண்டே புள்ளி. ம தட்டினேன், மூன்றாவது வந்தது. தூளியை ஆட்டுவதை விட்டுவிட்டேன். ஆரம்பத்திலிருந்து அழித்துவிட்டு ப விசையை மட்டும், அதாவது ஆங்கிலத்தில் ஜே விசை, வலது ஆள்காட்டி விரல் உட்காரும் இடத்தில் சின்ன மேடு இருக்குமே அதை, பத்துப் பதினைந்து தடவை அழுத்தினேன். அழுத்தும்போது கீழே போய் மேலே வருகிறது, கைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. திரையில் ஒன்றும் விழவில்லை. பாப்பா அழ ஆரம்பித்து, அத்தை எழுந்து வந்து தூக்கிக்கொண்டு "என்ன கண்ணு ஆச்சு" என்று கேட்டார், நான் "அத்தை, நான் மறக்கலைங்க" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டில் தனிக் கீபோர்டு இல்லை. விடியும்வரை காத்திருந்தேன்.

வியாழன் காலை அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனில் இருந்து ஒரு சாதாரண யு.எஸ்.பி. கீபோர்டை வாங்கி வந்து, லேப்டாப் அணைந்திருக்கும்போதே சொருகிவிட்டு ஆன் செய்தேன். பெரும்பாலான லேப்டாப்புகளில் இந்தத் திரை வெளிக் கீபோர்டையும் ஏற்கும், ஆன் செய்வதற்கு முன்பே சொருகியிருந்தால் நல்லது. எண்ணிக்கொண்டே தட்டினேன், எட்டுப் புள்ளி. என்டர். விண்டோஸின் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. துபாய் அண்ணன் அனுப்பிய சூப்பர்வைசர் கடவுச்சொல்லையும் தம்பி எடுத்துப் பார்த்தான், அதிலும் ஒரு ஜே இருந்தது. பக்கத்து மேசை அக்கா வந்து நின்று பார்த்துவிட்டு, "அப்ப நீ மறக்கவே இல்லையா கண்ணு?" என்றார். "இல்லீங்கக்கா" என்றேன். மூன்று நாளாகத் தொண்டையில் நின்றிருந்த சொல் அது.

தம்பி அந்த விசையின் மூடியை நெம்பி எடுத்தபோது அடியில் காய்ந்த பழுப்புக் கறை. ஜூன் மாதம் எனக்கு அலுவலகத்தில் வளைகாப்பு செய்தார்கள், மேசையிலேயே பாயசம் பரிமாறினார்கள், ஒரு துளி தெறித்து நான் கைக்குட்டையால் துடைத்தது ஞாபகம் இருக்கிறது. ஈரமாக இருந்தவரை விசை வேலை செய்திருக்கிறது, அன்று சாயங்காலம்வரை மெயில் எல்லாம் அனுப்பினேனே. ஆறு மாதம் பீரோவில் காய்ந்த பிறகுதான் போயிருக்கிறது. கீபோர்டை மாற்றிவிட்டோம், அவ்வளவுதான் செலவு.

அதனால், உங்கள் லேப்டாப் இப்படி நின்றால் முதலில் புள்ளிகளை எண்ணுங்கள். ஒற்றை விரலால், மெதுவாக. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். கேப்ஸ் லாக் விளக்கைப் பாருங்கள். பக்கத்தில் தனி எண் விசைகள் இல்லாத பழைய லேப்டாப்புகளில் நம் லாக் (Num Lock) விசையையும் பார்க்க வேண்டும், அது ஆனாகியிருந்தால் ஜே, கே, எல் எல்லாம் 1, 2, 3 ஆகிவிடும், புள்ளி சரியாக விழும் ஆனால் கடவுச்சொல் தப்பாகும். வெளிக் கீபோர்டு போட்டு ஒரு தடவை. இவ்வளவும் பார்த்த பிறகுதான் மறந்துவிட்டேன் என்ற முடிவுக்கு வர வேண்டும்.

நிஜமாகவே மறந்துதான் போயிற்று என்றால், அலுவலக லேப்டாப் உங்களுடையது இல்லை, ஐ.டி. ஆளிடம்தான் முதலில் போக வேண்டும், கடைக்கு இல்லை. கம்பெனி நேராகத் தயாரித்தவர்களைக் கேட்டால் பில்லைத்தான் முதலில் கேட்பார்கள். பல டெல் லேப்டாப்புகளில் சர்வீஸ் டேக் எண்ணோடு உரிமையைக் காட்டினால் திறக்கும் குறியீடு தருவார்கள். லெனோவோ திங்க்பேடில் சூப்பர்வைசர் கடவுச்சொல்லே தொலைந்தால் மதர்போர்டை மாற்றுவதுதான் வழி என்று அவர்களுடைய கையேட்டிலேயே எழுதியிருக்கிறது, அதற்கும் வாங்கிய சான்று வேண்டும். இன்டெல் சிப் உள்ள பழைய மேக்கில் ஃபர்ம்வேர் கடவுச்சொல்லை மறந்தாலும் வாங்கிய ரசீதோடு ஆப்பிளின் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். கடுப்பாக இருக்கும், ஆனால் இந்தக் கேள்விகள் இருப்பதால்தான் திருடியவனுக்கு லேப்டாப் பயன்படுவதில்லை.

இன்னொன்று. வயதானவர்கள் வீட்டில் விண்டோஸ் 7 மாதிரி பழைய கணினியில், விண்டோஸின் ஒரு சின்னப் பெட்டி வந்து, தொடங்கவே கடவுச்சொல் வேண்டும் என்று கேட்டால், நீங்கள் அப்படி ஒன்றைப் போட்டதே இல்லை என்றால், அது வேறு கதை. சிஸ்கீ என்று விண்டோஸிலேயே ஒரு வசதி இருந்தது. கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது என்று போன் செய்து ஏமாற்றுகிறவர்கள், பணம் தர மறுத்தவர்களின் கணினியை அதை வைத்துப் பூட்டிவிடுவார்கள். 2017-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1709 பதிப்போடு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்தேவிட்டது. அப்படிப் பூட்டினவனுக்குப் பணம் அனுப்பாதீர்கள், தெரிந்த ஆளிடம் காட்டி டேட்டாவை எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் சாம்பிளிங் பிரிவில் ஒரு பெண்ணுக்கு இது எட்டாவது மாதம், அடுத்த வாரம் விடுப்பில் போகிறாள். நேற்று அவளை உட்கார வைத்து, நோட்பேடைத் திறந்து எல்லா விசையையும் வரிசையாக ஒரு தடவை தட்டச் சொன்னேன். அப்புறம் தொடக்கக் கடவுச்சொல்லை அவள் கையாலேயே ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் குறுக்காக அவளும் தம்பியும் கையெழுத்துப் போட்டார்கள், லேப்டாப்பின் பில் நகலோடு சேர்த்து எச்.ஆர். பீரோவில் வைத்தாயிற்று. பாதியில் நிறுத்தி, "நான் திரும்பி வரும்போது மறந்துடுவேன்னு நினைக்கிறீங்களாக்கா?" என்று கேட்டாள். இல்லை, நீ மறக்கமாட்டாய், கீபோர்டு மறக்கலாம் என்று சொல்லி, ஜே விசையைக் காட்டினேன்.